முப்பத்திரண்டாவது வரி

லாரி எடை பார்க்கிற மேடைக்கு அடியில் ஒரு ஆள் குனிந்து நடக்கிற அளவுக்குத்தான் இடம் இருக்கும். மழைக்காலத்தில் கணுக்கால் வரை சேறு. வெயில் காலத்தில் மேலே இரும்புத் தகடு காய்ந்து, கீழே இருப்பவன் வெந்து போவான். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை நான் அதற்குள் போய்ச் சேற்றை வாரி, வயரைப் பார்த்து, மேலே வந்து இருபது கிலோ கல்லாக ஐம்பது கல் அடுக்கி, மேடை ஒரு டன் என்று சொல்கிறதா என்று சரிபார்ப்பேன். கல் என்று சொல்கிறோமே தவிர எல்லாம் வார்ப்பிரும்பு. எடைமேடை பராமரிக்கிற ஓர் ஆபீஸில் இருபத்தாறு வருஷமாக இதுதான் பிழைப்பு. என் இடுப்பைப் பற்றி யாரும் விசாரிக்க வேண்டாம்.

பழைய இரும்பு வாங்கி விற்கிற அந்த யார்டில், மேடைக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட ஓர் அறை. ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், சீட்டு அடிக்கிற பிரிண்டர், சுற்றுவதைவிட அதிகமாகச் சத்தம் போடுகிற ஃபேன். அதில் பதினோரு வருஷமாக உட்கார்ந்து எடை போடுகிறவளை நான் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். சொந்தம் ஒன்றும் கிடையாது. முதல் தடவை நான் மேடைக்கு அடியிலிருந்து தலையெல்லாம் கிரீஸாக வெளியே வந்தபோது ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் கொண்டுவந்து வைத்து, "மொகத்தக் கழுவுங்கண்ணே, டிரைவருங்க பாத்தா லாரிய விட்டுட்டு ஓடிருவாங்க" என்றாள். அன்றைக்கே தங்கச்சி ஆகிவிட்டாள். அவள் புருஷன் எனக்கு மாப்பிள்ளை, நான் அவருக்கு மச்சான்.

அவள் செய்வதைப் பார்க்கிறவர்களுக்கு அது ஒரு வேலையாகவே தெரியாது. காலி லாரிக்கு ஓர் எடை, சுமையோடு வரும்போது ஓர் எடை, கழித்தால் நிகர எடை. கழிப்பது கம்ப்யூட்டர், சீட்டு அடிப்பது பிரிண்டர். இவள் எதற்கு என்று கேட்கலாம். ஒரு நாள் அந்த அறையில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். பின் சக்கரம் தகட்டின் விளிம்பைத் தாண்டி அரையடி வெளியே நிற்கும். டிரைவர் ஒன்றும் தெரியாதவன் மாதிரி வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். இவள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டுவாள். "என்ன டிரைவரே, பாதி லாரி தரையில நிக்குது. தரைக்கும் சேத்து எடை போட்டுரவா?" என்பாள். மழை பெய்தால் தகட்டில் சேறு ஒட்டி, மேடை காலியாக இருக்கும்போதே பதினைந்து கிலோ காட்டும். அதைக் கவனிக்காமல் ஒரு லாரியைக்கூட அவள் ஏற்றவிட்டதில்லை.

அவள் முன்னால் இருந்த திரையில் ஓடுகிற புரோகிராம் அவள் புருஷன் எழுதியது. ஒரு பெரிய ஆபீஸில் பதினெட்டு வருஷம் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதினவர் அவர். அவள் யார்டில் சேர்ந்த புதிதில், பெண்டாட்டி பேப்பரில் கழித்துக் கழித்து எழுதுவதைப் பார்த்து, ரெண்டு ஞாயிற்றுக்கிழமையில் செய்து கொடுத்தார். வலது பக்கம் பெரிய எழுத்தில் எடை, இடது பக்கம் காலி எடை, மொத்த எடை, நிகர எடை என்று மூன்று கட்டம், கீழே பச்சையாக ஒரு பொத்தான். பத்து வருஷத்துக்கு மேல் ஒரு நாள் மக்கர் பண்ணியதில்லை.

ஆனால் அவர் ஆபீஸில் ஜன்னல், கட்டம், பொத்தான் எல்லாம் வரைந்து தருகிற ஒரு கருவியை வைத்துத்தான் அத்தனை புரோகிராமும் எழுதியிருந்தார்கள். விலை கொடுத்து வாங்கிய கருவி. அதைச் செய்த கம்பெனி ஒரு நாள் கடையை மூடிவிட்டது. அந்தக் கருவியைத்தான் எடுக்க வேண்டும் என்று அந்தக் காலத்தில் மீட்டிங்கில் நின்று வாதாடியவர் மாப்பிள்ளை. ஆபீஸ் புதியவர்களை வைத்து எல்லாவற்றையும் வேறு மாதிரி எழுதிக்கொண்டது. இவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. அது நடந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

அந்த வருஷம் வெயில் ஆரம்பித்தபோது அறையிலிருந்த பழைய கம்ப்யூட்டர் நின்று நின்று ஓட ஆரம்பித்தது. முதலாளி புதிதாக ஒன்று வாங்கி வந்தார். மாப்பிள்ளையின் புரோகிராமும் அந்தப் பழைய கருவியில் செய்ததுதான், புதியதில் வாயே திறக்கவில்லை. நான் அன்றைக்குக் கல் அடுக்கிக்கொண்டிருந்தேன், அதனால் முதலாளி சொன்னதை என் காதால் கேட்டேன்.

"ஏம்மா, உன் வீட்டுக்காரரு மறுபடி எழுதிக் குடுத்தார்னா நீ இங்கயே உக்காந்துக்க. எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல. இல்லேன்னா ஒரு கம்பெனிக்காரன் செட்டா தர்றேங்கறான். கேமரா, தடுப்புக் கம்பி, எல்லாம் தானா நடக்குமாம். ஆளே வேண்டாமாம். எடை சரின்னு சீல் வைக்க இன்ஸ்பெக்டர் வர்ற தேதிக்குள்ள ரெண்டுல ஒண்ணு இந்த மேசை மேல ஓடணும்."

"எப்ப வர்றாரு சார்?"

"மூணு மாசம் இருக்கு. அவருக்கு என்ன, கண்ண மூடிக்கிட்டு எழுதிருவாரு."

முதலாளியைக் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். மூன்று மாதம் என்பது நியாயமான அவகாசம். பழையதை இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் எழுதிய மனுஷனுக்கு மூன்று மாதம்.

அடுத்த வாரமே அவர்கள் வீட்டில் எனக்குச் சாப்பாடு. டயர் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் இரண்டு அறை. படியேறும்போது ரப்பர் வாசனையும் மேலே போகப் போக வெந்த உருளைக்கிழங்கு வாசனையும் வரும். சோறும் முட்டையும் போட்டுவிட்டு, "மொதல்ல சாப்பிட்டுருங்கண்ணே. அவரு செவுத்தக் காட்ட ஆரம்பிச்சார்னா ஆறிப்போயிரும்" என்றாள் தங்கச்சி.

சுவரில் நான்கு பெரிய தாளை ஒட்டியிருந்தார். மேலே நான்கு பத்தி, கீழே வரி வரியாகக் கட்டம். ஜன்னலும் பொத்தானும் வரைகிற கருவிகளை இப்போது உலகத்தில் பல பேர் இலவசமாகவே செய்து வைத்திருக்கிறார்களாம். உள்ளே எப்படிச் செய்திருக்கிறது என்பதையும் திறந்து காட்டிவிடுகிறார்களாம். அதனால் யார் கடையை மூடினாலும் பொருள் நம்மிடம் இருக்கும். அப்படி நான்கைத் தேர்ந்தெடுத்து ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். நிஜப் பெயர்கள் வாயில் நுழையவில்லை என்று பத்தாவது படிக்கிற அவர் மகள் நாலுக்கும் பட்டப்பெயர் வைத்திருந்தாள்.

"இவன் குண்டன் மாமா" என்று அவள்தான் எனக்கு விளக்கினாள். "ஒரு முழு பிரவுசர வயித்துக்குள்ள வெச்சிருக்கான். ஒரே ஒரு பொத்தான் காட்டுறதுக்கு எரநூறு எம்பி தின்னுவான். இவரு பெரியவரு. முப்பது வருஷ சர்வீஸ். எல்லாம் தெரியும். ஆனா இலவசம்னு சொல்லிட்டு இவ்வளவு நிபந்தன போடுவாரு."

"லைசென்ஸப் படிக்கவே வக்கீல் வெக்கணும் மச்சான்" என்றார் மாப்பிள்ளை.

"இவன் இரவல். சொந்தமா ஒண்ணுமே கெடையாது. அந்தந்தக் கம்ப்யூட்டர்ல இருக்கற பொத்தானயே கடன் வாங்கிப் போட்டுக்குவான். பாக்க சுமாரா இருப்பான். இவன் ஒல்லி. தானே எல்லாத்தயும் வரைஞ்சுக்குவான். ஒரு செகண்டுக்கு அறுவது தடவ அழிச்சு அழிச்சு வரைவான். குட்டியூண்டு இருப்பான், பறப்பான்."

"அப்ப எது நல்லது?" என்றேன்.

மகள் சிரித்துக்கொண்டே சாப்பிடப் போய்விட்டாள். மாப்பிள்ளை ஒவ்வொரு வரியாகச் சொல்ல ஆரம்பித்தார். எவ்வளவு மெமரி தின்னும், எத்தனை பேர் பராமரிக்கிறார்கள், கடைசியாக எப்போது திருத்தினார்கள், மேடையோடு வயரில் இணைத்த எடைப் பெட்டியிலிருந்து வருகிற எண்ணை எத்தனை வேகத்தில் காட்டும். முப்பத்தோரு வரி. 'பத்து வருஷம் கழித்து இருக்குமா' என்ற வரியில் மட்டும் தாள் ஓட்டை விழும் அளவுக்கு அழித்து அழித்து எழுதியிருந்தார். என் சோறு ஆறிவிட்டது.

"எதையாவது ஒண்ண எடுத்து ஆரம்பிச்சிருங்க மாப்ள. மேடை என்ன பெரிய ராக்கெட்டா?"

"அப்பிடித்தான் மச்சான் போன தடவயும் எதையாவது ஒண்ண எடுத்தோம்" என்றார்.

இரண்டாவது மாதம் மழை பிடித்துக்கொண்டது. மேடையில் தண்ணீர் தேங்குகிறது என்று என்னை வரச்சொல்லியிருந்தார்கள். வேலை முடிந்து அறைக்குள் வந்து ஈரத்தோடு நின்றேன். தங்கச்சி பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தாள். பக்கத்தில் புதுக் கம்ப்யூட்டர் பிளாஸ்டிக் உறையோடு உட்கார்ந்திருந்தது. பழையது அவள் தட்டித் தட்டி எழுப்ப ஓடிக்கொண்டிருந்தது.

"மாப்ள ஆரம்பிச்சுட்டாரா?"

"படிக்கிறாருண்ணே."

"என்ன படிக்கிறாரு?"

"அடி தெரியாம மேல கட்டிட்டேன், அதான் விழுந்துருச்சுங்கறாரு. கம்ப்யூட்டருக்குள்ள அடியில என்ன நடக்குதுன்னு கைப்பட செஞ்சு படிக்கணுமாம். அதுக்குன்னு பாடங்க இருக்காம். வெறுமன கேட்டுட்டு போறது இல்ல, ஒவ்வொண்ணயும் நம்ம கையால கட்டணும். அதுலயும் மூணு பாடம். அதுக்கும் தனியா ஒரு தாளு ஒட்டியாச்சு."

"எதுக்கு மூணு?"

"ஒண்ணுல பாதி எழுதுன புரோகிராமக் குடுத்து மீதிய எழுதச் சொல்றாங்களாம். ஒண்ணுல ஒண்ணுமே குடுக்காம வெறும் தரையில விட்டுர்றாங்களாம். ஒண்ணு ரொம்ப நல்ல வாத்தியாரு, ஆனா பழைய மொழி. மூணுலயும் ஆரம்பத்துலயே ஒரே வேல வருது. மெமரிய துண்டு துண்டா வெட்டிக் குடுத்து, வேல முடிஞ்சதும் திருப்பி வாங்கி அடுக்கி வெக்கிறது. மூணு தடவ செஞ்சுட்டாருண்ணே. மூணாவது தடவ ரொம்ப அழகா வந்துருக்குன்னு என்னக் கூப்புட்டுக் காட்டுறாரு. எனக்கு என்ன தெரியும், கருப்புத் திரையில நாலு வரி பச்சையா எரியுது. நல்லாருக்குன்னேன்." அவள் எழுந்துபோய் ஜன்னலுக்கு வெளியே கை காட்டி ஒரு லாரியை நிறுத்தினாள். மேடையைப் பார்த்து, பூஜ்யம் பண்ணி, பிறகு ஏற்றச் சொன்னாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். "கைப்பட பாத்திரம் கழுவுற பாடம் எதுலயாவது இருக்கான்னு கேட்டேன். அதுக்கு மட்டும் சிரிச்சாரு."

"நீ கொஞ்சம் கட்டாயப்படுத்தக் கூடாதா?"

"எப்பிடிண்ணே கட்டாயப்படுத்துறது? குடிச்சா திட்டலாம். சீட்டாடுனா திட்டலாம். காலைல ஆறு மணிக்கு எந்திரிச்சு சாயங்காலம் வரைக்கும் படிக்கிற ஆள என்ன சொல்லித் திட்டுறது?"

மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. இரண்டாவது டீ ஊற்றும்போது அவளே மறுபடி சொன்னாள். "இந்த நாற்காலி போச்சுன்னா எனக்கு வேற எங்கயும் எடம் கெடைக்காதுண்ணே. எல்லா யார்டுலயும் கேமரா வந்துருச்சு. நாப்பத்திரண்டு வயசுல யாரு என்னக் கூப்புட்டு உக்கார வெப்பா? அவருக்கு ரெண்டு வருஷமா ஒருத்தரும் போன் பண்ணல. இது அவருக்கும் தெரியும். தெரியறதுனாலதான் தப்பா எடுத்துரக் கூடாதுன்னு நடுங்குறாரு. நடுங்க நடுங்க நாள் போவுது."

சீல் தேதிக்கு இருபத்திரண்டு நாள் இருக்கும்போது ஒரு மத்தியானம் நான் டயர் கடை மாடிப் படிகளை மூச்சு வாங்க ஏறினேன். யாரும் கூப்பிடவில்லை. வயிற்றெரிச்சலில் போனேன். நாலு ஜன்னலை மாப்பிள்ளை மடிக்கணினியில் திறந்து வைத்திருந்தார். நாலிலும் ஒரு எண் ஓடியது. எடைப் பெட்டி அனுப்புகிற மாதிரியே பொய்யாக எண் அனுப்ப ஒரு சின்ன புரோகிராம் எழுதியிருந்தார். அதை எழுதவே அந்தப் பாடங்கள் உதவின என்று சொன்னார். குண்டனில் எண் கொஞ்சம் தயங்கியது. பெரியவரிலும் இரவலிலும் நன்றாகத்தான் வந்தது. ஒல்லியில் மட்டும் எண் மேடையில் நடக்கிற மாதிரியே நடந்தது. லாரி ஏறும்போது எழும்பி, ஆடி, அடங்கி நிற்கும் இல்லையா, அந்த ஆட்டம் அப்படியே தெரிந்தது. இருபத்தாறு வருஷம் எடைப் பெட்டியைப் பார்த்த கண் என் கண்.

"இதான் மாப்ள. இத எடுங்க."

"ஒல்லியவா?"

"ஒல்லியத்தான். பாக்கவே உசுரோட இருக்கு. நான் சொல்றேன், எடுங்க. தப்புன்னா என்னத் திட்டுங்க."

அவர் சுவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழுந்துபோய் மற்ற மூன்று பத்தியின் மேல் நீளமாகக் கோடு போட்டார். யாராவது ஒருத்தர் சொல்லிவிட மாட்டார்களா என்று இத்தனை நாள் காத்திருந்திருக்கிறார். முதல் நாளே சொல்லாமல் விட்டேனே என்று எனக்கு ஆத்திரம் வந்தது. என்ன சொல்கிறேன் என்று தெரியாமல் சொன்னேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

அடுத்த பதினெட்டு நாள் அந்த வீடு வீடாக இருந்தது என்று தங்கச்சி சொன்னாள். அவர் சரியான நேரத்துக்குச் சாப்பிட்டார். மகளோடு வம்பிழுத்தார். ஒரு நாள் இவள் வேலைக்குக் கிளம்பும்போது, "அந்தப் பச்ச பொத்தான் எந்தப் பக்கம் இருந்தா கைக்கு வசதி?" என்று கேட்டாராம். இரண்டு வருஷத்தில் அவர் அவளிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான் என்றாள். எழுதும்போதெல்லாம் கட்டங்களுக்கு ஆங்கிலத்தில்தான் பெயர் போட்டுக்கொண்டிருந்தார். ஆபீஸ் பழக்கம். தமிழில் மாற்றுவது கடைசியில் அரை மணி நேர வேலை.

சீலுக்கு நாலு நாள் முன்னால் மத்தியானம், லாரி ஓய்ந்த நேரத்தில், புதுக் கம்ப்யூட்டரின் பிளாஸ்டிக் உறையைப் பிரித்தோம். மாப்பிள்ளை சட்டையை இன் பண்ணிக்கொண்டு வந்திருந்தார். நான் வயரை மாற்றிக் கொடுத்தேன். யார்டில் நின்ற ஒரு லாரியை ஏற்றினோம். எண் எழும்பி, ஆடி, நின்றது. முதலாளி வாசலில் நின்று, "பரவால்லயே" என்றார். தங்கச்சி என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

"சீட்டு அடிச்சுக் காட்டுங்க. தமிழ்ல இருக்கணும், டிரைவர் படிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போடணும். இன்ஸ்பெக்டர் மொதல்ல அதத்தான் பாப்பாரு" என்றார் முதலாளி.

"இதோ சார்" என்று மாப்பிள்ளை தமிழ்ப் பெயர்களைப் போட்டு, மறுபடி திறந்து, ஒரு சீட்டும் அடித்தார்.

எழுத்துகள் வந்தன. ஆனால் எழுத்தின் உறுப்புகள் இடம் மாறி வந்தன. 'எடை'யில் டகரத்துக்கு முன்னால் வரவேண்டிய கொம்பு பின்னால் போய் நின்றது. 'மொத்த' என்பதில் 'ம' முதலில் தனியாக நிற்க, கொம்பும் காலும் அதன் பின்னால் ஜோடியாகப் போயிருந்தன. புள்ளிகள் எழுத்தின் தலையை விட்டு நகர்ந்து காற்றில் நின்றன. சீட்டை எட்டிப் பார்த்த லாரி டிரைவர் வாய்விட்டுச் சிரித்தான்.

"என்னக்கா இது, கொம்பு எல்லாம் வால் பக்கம் மொளைச்சிருக்கு?"

முதலாளியும் சிரித்துவிட்டார். மாப்பிள்ளை சிரிக்கவில்லை. திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய் வைத்துப் பார்த்தார். தமிழ் எழுத்தில் கொம்பு காகிதத்தில் முன்னால் நின்றாலும், கம்ப்யூட்டருக்குள் எழுத்துக்குப் பின்னால்தான் வருமாம். அதை முன்னால் நகர்த்தி வைக்க யாராவது வேண்டும். குண்டனுக்கு அது தெரியும். பெரியவருக்குத் தெரியும். இரவல் கம்ப்யூட்டரிடமே அதையும் கடன் வாங்கிக்கொள்வான். தானே எல்லாவற்றையும் வரைந்துகொள்கிற ஒல்லிக்கு மட்டும் தெரியாது. அவனைச் செய்தவர்களுக்குக் கொம்பு என்று ஒன்று இருப்பதே தெரியாது. முப்பத்தோரு வரி எழுதிய மனுஷன், தமிழ் சரியாக வருமா என்று ஒரு வரி எழுதவில்லை. பழைய கருவியில் அது தானாக வந்துகொண்டிருந்தது, அதனால் கேட்கத் தோன்றவே இல்லை.

முதலாளி போன பிறகு தங்கச்சிதான் முதலில் பேசினாள்.

"தப்பா வர்ற வார்த்தைய எல்லாம் படமா புடிச்சு ஒட்டிர முடியாதா? கட்டம், பொத்தான் எல்லாம் சேத்து இருவது வார்த்த இருக்குமா?"

"சரக்கு பேரு? அது மாறுமே."

"மொத்தமே பதினாலு சரக்குதாங்க. பதினோரு வருஷமா அதான். அதயும் படமா வெச்சிருங்க, நான் தொட்டு எடுத்துக்கறேன். டிரைவர் பேர மட்டும் இங்கிலீஷ்ல அடிச்சுக்கறேன்."

எனக்கு அவளைத் தூக்கிக் கொண்டாட வேண்டும் போல இருந்தது. ஒரு நாள் வேலை. மூன்று நாள் மீதி.

"அது ஒட்டுவேலம்மா" என்றார் மாப்பிள்ளை.

"ஒட்டுவேலயா இருந்தா என்ன? ஓடும்ல?"

"ஒட்டுவேல செஞ்சு செஞ்சுதான் நான் இப்பிடி ஆனேன். அடியில சரி பண்ணணும். எழுத்த வரிசைப்படுத்தி அடுக்கறதுக்குன்னே தனியா இலவசமா இருக்கு. அத ஒல்லியோட சேத்துட்டா என்ன வார்த்த வேணாலும் அடிக்கலாம்."

"எத்தன நாளாவும்?"

"ரெண்டு வாரம். மூணு வெச்சுக்க."

"நாலு நாளுதாங்க இருக்கு."

"தெரியும்மா. ஆனா அதுலயும் ரெண்டு மூணு இருக்கு. எது நல்லதுன்னு பாக்கணும்."

அவள் பழைய கம்ப்யூட்டரைத் தட்டி எழுப்பப் போனாள். நான் பேசினேன், கத்தினேன் என்றே சொல்ல வேண்டும். "மாப்ள, நான் ஒல்லிய எடுக்கச் சொன்னது தப்புதான், கால்ல விழுறேன். படத்த ஒட்டுங்க." அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க மேல தப்பே இல்ல மச்சான். தேர்வு சரியான தேர்வுதான்" என்றார். ஆறுதல் சொல்கிற குரல் அது. நான்தான் கலங்கிப் போயிருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். மடிக்கணினியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

தங்கச்சி மறுநாள் முதலாளியிடம் இரண்டு வாரம் கேட்டாள். அவர் தலையைச் சொறிந்தார். இன்ஸ்பெக்டர் தேதியை அவரால் மாற்ற முடியாது. சீல் இல்லாத மேடையில் ஒரு லாரி ஏறினாலும் யார்டைப் பூட்டிவிடுவார்கள். அன்று சாயங்காலமே கம்பெனிக்காரர்கள் கேமராவோடு வந்து இறங்கினார்கள்.

அந்தச் செட்டை மேடையோடு இணைத்தது நான்தான். வேறு யார் செய்வார்கள், அது என் வேலை. அவள் நாற்காலியை நகர்த்தி எனக்கு வழி விட்டாள். மேசைக்கு அடியில் படுத்துப் பழைய வயரைப் பிடுங்கிப் புதுப் பெட்டியில் சொருகினேன். "டார்ச் அடிக்கட்டுமாண்ணே?" என்று கேட்டு அவளே பிடித்துக்கொண்டாள். சொன்ன தேதியில் இன்ஸ்பெக்டர் வந்தார். ஐம்பது கல்லையும் ஏற்றி இறக்கினேன். எண் சரியாக வந்தது, எழுத்தும் சரியாக வந்தது. பெட்டியின் மூடிக்கும் வயர் சொருகுகிற வாய்க்கும் சேர்த்துக் கம்பி கட்டி, ஈயத்தில் சீல் குத்தினார். லாரிகள் தானாக ஏறின, தடுப்பு தானாக எழும்பியது. முதல் லாரியின் பின் சக்கரம் விளிம்பைத் தாண்டி நின்றது. கேமரா அதைப் பார்த்துவிட்டது. கம்பி எழும்பவில்லை. கேமரா அதைத் தவறவிடும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். தங்கச்சி தன் பிளாஸ்கையும் மேசை டிராயரில் இருந்த கண்ணாடி, சீப்பு, தலைவலி மாத்திரையையும் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. கதவைத் திறந்ததே மாப்பிள்ளைதான். கண்ணெல்லாம் சிவந்து, தாடி வளர்ந்து, ஆனால் முகம் அப்படி ஒரு மலர்ச்சி.

"வாங்க மச்சான், வாங்க. வந்துருச்சு!"

திரையைத் திருப்பிக் காட்டினார். நிகர எடை. மொத்த எடை. காலி எடை. கொம்பு எல்லாம் முன்னால், கால் எல்லாம் பின்னால், புள்ளி எல்லாம் தலைமேல். நான் பார்த்ததிலேயே அழகான எழுத்து. மூன்று வாரம் என்றதை ஐந்து நாளில் முடித்திருந்தார். அவருக்கு வேலை தெரியாது என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன்.

"வயர மட்டும் ஒரு மணி நேரம் குடுங்க மச்சான். மொதலாளி ஒரு தடவ பாக்கட்டும். பாத்தார்னா அந்தப் பெட்டியத் தூக்கிப் போட்டுருவாரு."

"வயர் வாய்க்கும் சேத்து சீல் வெச்சாச்சு மாப்ள. பிரிச்சா கேஸு. என் லைசென்ஸும் போயிரும்."

"எவ்வளவு நாளைக்கு சீலு?"

அடுப்படி வாசலில் ஈரக்கையோடு நின்ற தங்கச்சி சொன்னாள். எல்லாம் முடிந்தது என்று அவருக்கு ஒரே வார்த்தையில் விளங்கட்டும் என்றுதான் சொன்னாள்.

"ஒரு வருஷத்துக்கு."

"ஒரு வருஷமா?" அவர் முகம் இன்னும் மலர்ந்தது. "அட, நான் பயந்தே போனேன். அப்ப நெறைய நேரம் இருக்கு மச்சான். ஒரு வருஷம் இருந்தா எதுக்கு ஒல்லி? பெரியவரையே எடுத்து சுத்தமா பண்ணிரலாம். அந்த லைசென்ஸ் விஷயத்த மட்டும் ஒரு தடவ நிதானமாப் பாத்துட்டா போதும்." புதுத் தாள் ஒன்றை உருவி, சுவரில் வைத்து, பசை டேப்பைப் பல்லால் கடித்தார். மகள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்விட்டாள்.

நான் கிளம்பினேன். தங்கச்சி என்னோடு மூன்று மாடியும் இறங்கி வந்தாள். வழக்கமாக வாசலோடு நின்றுவிடுவாள். டயர் கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிக்கொண்டிருந்தார். அவர் போகும்வரை காத்திருந்தாள்.

"அண்ணே, உங்க ஆபீஸுல கல்லு ஏத்தி எறக்குறதுக்கு பொம்பளைங்கள எடுப்பாங்களா?"

"நீயா? இருவது கிலோம்மா ஒரு கல்லு. அம்பது தடவ ஏத்தணும், அம்பது தடவ எறக்கணும்."

"நேத்து நீங்க எறக்கி வெச்சீங்கல்ல, இன்ஸ்பெக்டர் போன பெறவு? நீங்க கை கழுவப் போனப்ப ஒண்ணத் தூக்கிப் பாத்தேன். தூக்க முடியுதுண்ணே."

எங்கள் ஆபீஸில் இதுவரை ஒரு பெண்ணைக்கூட எடுத்ததில்லை. போன மாதம்தான் இருந்த ஆண்களில் இரண்டு பேரை நிறுத்தினார்கள்.

"கேட்டுப் பாக்குறேம்மா" என்றேன்.